கீழ்த்தளத்தில் மொழி, மேல்தளத்தில் பண்பாடு

அமெரிக்காவில் மொழி, இலக்கியம் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு பெரிய சங்கம் இருக்கிறது. மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன், சுருக்கமாக எம்.எல்.ஏ. (நம்ம ஊர் எம்.எல்.ஏ.வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்களுக்குத் தொகுதி நிதியெல்லாம் கிடையாது.) இந்தச் சங்கம் 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மேரி லூயிஸ் பிராட் தலைமையிலான ஒரு சிறிய குழு எழுதியது. பல்கலைக்கழகங்களில் அயல்மொழித் துறைகள் எப்படி இருக்கின்றன, எப்படி மாற வேண்டும் என்பதுதான் விஷயம். பன்னிரண்டு பக்கம்தான், ஒரு மதியத்தில் படித்துவிடலாம்.

இத்தனை வருஷம் கழித்து அதற்கு என்ன விமர்சனம் என்று கேட்கலாம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சிஸ்டம் விழுந்த பிறகு, ஆரம்பத்தில் எழுதிய டிசைன் டாக்குமெண்டை எடுத்து வைத்துக்கொண்டு படிப்போம். எதை முன்கூட்டியே பார்த்திருந்தார்கள், எதைப் பார்க்கவில்லை, பார்த்தும் ஏன் விழுந்தது என்று. அமெரிக்காவில் மொழித் துறைகள் இப்போது விழுந்துகொண்டிருக்கின்றன. அதனால் அந்த டாக்குமெண்டைத் திறக்க இதுதான் சரியான நேரம்.

அறிக்கையின் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்றுதான். ஒரு பிரெஞ்சுத் துறையையோ ஜெர்மன் துறையையோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வருஷம் 'மொழி' வகுப்பு. எழுத்து, இலக்கணம், உரையாடல். இதை நடத்துவது பெரும்பாலும் ஒப்பந்த விரிவுரையாளர்களும் ஆராய்ச்சி மாணவர்களும். அதற்கு மேலே போனால் இலக்கியம், பண்பாடு, கோட்பாடு. இதை நடத்துவது நிரந்தரப் பதவியில் இருக்கும் பேராசிரியர்கள். பாடத்திட்டத்தை முடிவு பண்ணுவதும் அவர்கள்தான். கீழே இருப்பவர்களுக்குத் துறைக் கூட்டத்தில் பெரிதாக வாய்ஸ் கிடையாது. ஒரே துறைக்குள் இரண்டு தளம். நடுவில் படிக்கட்டு சரியாக இல்லை. இரண்டாம் வருஷம் வரைக்கும் "ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?" என்று கேட்கப் பழகிய மாணவனிடம் மூன்றாம் வருஷம் திடீரென்று ஒரு நாவலைக் கொடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள்.

மொழியைப் பற்றி இரண்டு பார்வைகள் மோதிக்கொள்கின்றன என்றும் அறிக்கை சொல்கிறது. ஒன்று, மொழி ஒரு கருவி. தகவலை இங்கிருந்து அங்கே கொண்டுபோகிற பைப். இன்னொன்று, மனிதர்களின் நினைப்பும் உறவும் உருவாகிற இடமே மொழிதான் என்பது. துறைகள் இந்தப் பிளவை அப்படியே கட்டடமாகக் கட்டி வைத்திருக்கின்றன, கீழே கருவி, மேலே நினைப்பு. இதை மாற்றி, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மொழியும் பண்பாடும் சேர்ந்தே வரும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்பது பரிந்துரை. இன்னொன்றும் சொன்னார்கள். படிக்கிறவர் அந்த நாட்டில் பிறந்தவர் மாதிரியே பேச வேண்டும் என்ற இலக்கு தேவையில்லை, இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்று வேலை செய்யத் தெரிந்தால் போதும். எனக்கு அறிக்கையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். 'நேட்டிவ் மாதிரி' என்ற பூதத்தைத் துரத்திவிட்டார்கள்.

நோயைச் சரியாகக் கண்டுபிடித்த அறிக்கை. அப்புறம் என்ன ஆயிற்று?

2023 ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன்னுடைய உலக மொழிகள், இலக்கியங்கள், மொழியியல் துறையை மொத்தமாக மூடிவிடலாம் என்று முன்மொழிந்தது. மாநில அரசின் பல்கலைக்கழகம், சுமார் 45 மில்லியன் டாலர் பற்றாக்குறை. பட்டப்படிப்புகளுக்கு இருந்த அயல்மொழிக் கட்டாயத்தையும் எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். அப்படியானால் மொழி படிக்க விரும்புகிறவர்கள் என்ன செய்வது? ஏதாவது ஆன்லைன் மொழி ஆப்புடன் கூட்டு வைக்கலாமா என்று பார்க்கிறோம் என்றது நிர்வாகம். பெரிய கூச்சல் எழுந்தது, மாணவர்கள் போராடினார்கள். கடைசியில் செப்டம்பர் 15 அன்று ஆட்சிக்குழு வாக்களித்தபோது 28 பட்டப்படிப்புகளும் 143 ஆசிரியர் பணியிடங்களும் போயின. மொழிகளில் ஸ்பானிஷ், சீனம் இரண்டுக்கு மட்டும் சில ஆசிரியர்களை வைத்துக்கொண்டு, விருப்பப் பாடமாக நடத்தலாம் என்று விட்டார்கள்.

அந்த 'ஆப்' வாக்கியத்தைப் படித்துவிட்டு நிறையப் பேர் சிரித்தார்கள், கோபப்பட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிர்வாகத்தின் கணக்கு தர்க்கப்படி சரிதான் என்பதுதான் பயமே. மொழி ஒரு கருவி, கீழ்த்தளத்து வேலை, யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம் என்று அந்தத் துறைகளே பல பத்தாண்டுகளாகத் தங்கள் சம்பளப் பட்டியலால் சொல்லி வந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் ஆப்பும் சொல்லிக்கொடுக்கலாம்தானே? மேல்தளத்துப் பண்பாட்டு வகுப்போ பல இடங்களில் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நடக்கிறது. அதை வரலாற்றுத் துறையிலோ ஆங்கிலத் துறையிலோ வைத்துக்கொள்ளலாம். கீழே ஆப், மேலே ஆங்கிலம் என்றால் நடுவில் மொழித் துறை எதற்கு? 2007 அறிக்கை சுட்டிக்காட்டிய அதே விரிசலில்தான் கடப்பாறையை வைத்தார்கள்.

அறிக்கையின் முதல் குறை இங்கே தெரிகிறது. பரிந்துரைகளின் கவனம் பெரும்பாலும் அந்த மொழியையே முதன்மைப் பாடமாக எடுக்கும் மாணவர்கள் மேல் இருக்கிறது. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் மொழி வகுப்புக்குள் காலெடுத்து வைப்பவர்களில் பெரும்பாலானோர் ஒன்றிரண்டு வருஷத்தோடு போய்விடுகிறவர்கள். பொறியியல் மாணவன், நர்சிங் மாணவி, வணிகம் படிப்பவர். துறையின் கூட்டமும் வருமானமும் அங்கேதான். அந்த இரண்டு வருஷத்தை நடத்துகிறவருக்கு வேலை நிரந்தரம், கூட்டத்தில் ஓட்டு, கௌரவமான சம்பளம் இவையெல்லாம் யார் பணத்தில், எப்போது வரும் என்பது பற்றி அறிக்கையில் நல்லெண்ணம் இருக்கிறது, ஆனால் பட்ஜெட் இல்லை. நாங்கள் இதை அன்ஃபண்டட் ரெக்வயர்மெண்ட் என்போம். எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் செய்ய மாட்டார்கள்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்காவில் மொழிப் பற்றாக்குறை ஒரு தேசப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. அரபி தெரிந்தவர் போதவில்லை, பாரசீகம் தெரிந்தவர் போதவில்லை. அந்தச் சூட்டில்தான் இந்த அறிக்கையும் பிறந்தது. வெறும் பாதுகாப்புக்காக மொழி என்ற பார்வையை அது விமர்சிக்கிறது, ஆனால் அந்தச் சூட்டில் கிடைத்த வாய்ப்பையும் விட மனசில்லை. இரண்டு படகில் கால். இது புதுசும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மொழிகளைப் படிக்கும் கதை முழுக்க இப்படித்தான் நடந்திருக்கிறது.

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த வருஷமே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரிலேயே இருக்கிறது, பாதுகாப்பு. அதன் ஆறாம் பகுதி, 'டைட்டில் சிக்ஸ்', பல்கலைக்கழகங்களில் அயல்மொழி மையங்களுக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் பணம் ஒதுக்கியது. முதல் வரிசை முன்னுரிமை ஆறு மொழிகளுக்கு: அரபி, சீனம், ஹிந்தி-உருது, ஜப்பானியம், போர்ச்சுகீஸ், ரஷ்யன். தமிழ் அந்த ஆறில் இல்லை. ஆனால் தெற்காசிய மையங்கள் என்று வந்தபோது தமிழும் உள்ளே நுழைந்தது. சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி, விஸ்கான்சின் போன்ற இடங்களில் தமிழ் வகுப்புகள் நடந்ததற்கும் தொடர்ந்ததற்கும் பின்னால் இந்த மையங்களின் பணமும் இருக்கிறது. எந்த ராக்கெட்டையோ பார்த்துப் பயந்ததில் தமிழுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

இதை எழுதும் என்னைப் போன்ற அமெச்சூர் ஆட்களுக்கு இன்னொரு கடனும் உண்டு. இணையத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் தேடுகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். சில பிரதிகளில் முதல் பக்கத்தில் 'பி.எல். 480' என்று ஒரு முத்திரை இருக்கும். 1954-இன் 480-ஆம் பொதுச் சட்டம் அது. அமெரிக்கா நமக்குக் கோதுமை கொடுத்தது, நாம் ரூபாயில் விலை கொடுத்தோம், அந்த ரூபாயில் ஒரு பங்கை வைத்து 1962 முதல் இந்தியப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்குக் கப்பலேற்றினார்கள். தமிழ்ப் புத்தகங்களும் போயின. ரேஷன் கடைக் கோதுமையைப் பற்றி நம் அப்பா தலைமுறை இன்னும் முகம் சுளிக்கும். அந்தக் கோதுமையின் மறுபக்கம் யாரோ ஒரு பதிப்பாளரின் சிறு நூல் அமெரிக்க நூலகத்து அலமாரியில் பத்திரமாக இருப்பது. நம் ஊர் நூலகத்தில் அதே புத்தகத்தைச் செல்லரித்திருக்கும்.

அந்தத் திட்டத்துக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்த புத்தகங்களும் உண்டு. 1962-இல் சிகாகோவின் ஹார்ப்பர் நூலகத்துக் கீழ்த்தள அடுக்குகளில் பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போனதையும், அங்கே உ.வே.சா.வின் 1937-ஆம் ஆண்டு குறுந்தொகைப் பதிப்பு கையில் கிடைத்ததையும் ஏ.கே. ராமானுஜன் எழுதியிருக்கிறார். 1967-இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூல் வந்தது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவருக்குக் குறுந்தொகை சிகாகோவில்தான் கிடைத்தது.

ஆகவே பயத்தில் வந்த பணம் கெட்ட பணம் என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகவே வேலை செய்திருக்கிறது. பிரச்சினை, பயம் ஓர் இடத்தில் நிற்காது என்பது. அரபியைப் பாருங்கள். எம்.எல்.ஏ. சங்கமே கணக்கெடுப்பு நடத்துகிறது. 2002-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் அரபி வகுப்புச் சேர்க்கை சுமார் 10,600. 2006-இல் சுமார் 24,000. நாலே வருஷத்தில் இரட்டிப்புக்கும் மேல். பிறகு 30,000-ஐயும் தாண்டிப் போனது. 2021-இல்? சுமார் 23,000. ஏறின இடத்துக்கே இறங்கி வந்துவிட்டது. அந்த இருபது வருஷத்தில் அரபி பேசும் நாடுகள் சின்னதாகிவிடவில்லை, அரபி இலக்கியம் குறைந்துவிடவில்லை. தொலைக்காட்சித் தலைப்புச் செய்தி மாறியது, அவ்வளவுதான். டைட்டில் சிக்ஸுக்கும் அதே கதி. 2025-இல் அமெரிக்கக் கல்வித் துறை அதன் கீழ் வரும் பிராந்திய ஆய்வு மையங்களுக்கும் மொழி உதவித்தொகைகளுக்கும் தந்துகொண்டிருந்த பணத்தை, ஒப்புக்கொண்ட காலம் முடிவதற்கு முன்பே நிறுத்தியது. அறுபது எழுபது வருஷம் ஓடிய ஏற்பாடு.

அதே கணக்கெடுப்பில் இன்னோர் எண் இருக்கிறது. 2016-க்கும் 2021-க்கும் நடுவில் ஆங்கிலம் அல்லாத மொழிகளின் மொத்தச் சேர்க்கை 16.6 சதவீதம் விழுந்தது. ஜெர்மன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது. கொரியனோ 38.3 சதவீதம் ஏறியது. 14,000-க்குச் சற்றுக் கீழே இருந்தது 19,000-ஐத் தாண்டியது. கொரிய மொழியைப் படியுங்கள், இல்லாவிட்டால் நாடு ஆபத்தில் என்று எந்த அதிபரும் பேசவில்லை. பாட்டு, சீரியல், சினிமா. பதினைந்து வயதில் ஹெட்போனில் கேட்ட பாட்டுக்கு அர்த்தம் தெரிய வேண்டும் என்ற ஆசை. பேராசிரியர்கள் சிலருக்கு இது கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. நம்மில் எத்தனை பேர் ஹிந்திப் பாட்டைக் கேட்டு ஹிந்தியும், மோகன்லால் படத்தைப் பார்த்து மலையாளமும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டோம்! ஆசையும் நிலையில்லாததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆசையில் வருகிறவர் மேல்தளத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் கீழ்த்தளத்துக்குள் நுழைகிறார். அவருக்கு மொழி வேறு, பண்பாடு வேறு கிடையாது. அறிக்கை கேட்ட மாணவர் இவர்தான்.

சரி, கீழ்த்தளத்தில் அப்படி என்ன நடக்கிறது, ஆப்பால் முடியாதது? இங்கே நான் தமிழையே எடுத்துக்கொள்கிறேன், எனக்குக் கைவசம் இருக்கும் உதாரணம் அதுதான்.

ஆங்கிலத்தின் 'வீ' என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் இரண்டு: நாம், நாங்கள். கேட்கிறவரைச் சேர்த்தால் நாம், விட்டால் நாங்கள். இது தமிழ் படிக்க ஆரம்பிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு ஆரம்ப வாரங்களிலேயே வந்துவிடும் பாடம். ஆப்பில் இதை ஒரு விதியாகச் சொல்லி, பத்துக் கேள்வி போட்டு, பச்சை டிக் கொடுத்துவிடலாம். ஆனால் வகுப்பில் ஒரு மாணவர் கையைத் தூக்குவார்: "வீடு உங்களுடையது. என்னைக் கூப்பிடுகிறீர்கள். அப்புறம் ஏன் 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்கிறீர்கள்? 'எங்க வீட்டுக்கு வாங்க' என்பதுதானே விதி?" அங்கே விதி உடைகிறது, ஆசிரியர் வாயைத் திறக்கிறார். 'எங்க வீடு' என்றால் தப்பில்லை, ஆனால் கொஞ்சம் கதவு சாத்தின மாதிரி. 'நம்ம வீடு' என்றால் உங்களையும் குடும்பத்துக்குள் இழுத்துக்கொள்வது. ஆபீஸில் மேனேஜர் "இந்த சனிக்கிழமை நாம எல்லாரும் வரணும்" என்றால் அந்த 'நாம'வில் அவர் இருக்க மாட்டார் என்று நமக்குத் தெரியும். மேடையில் ஒரு தலைவர் 'நாம்' என்று சொல்லும்போது யாரைச் சேர்க்கிறார், 'நாங்கள்' என்று மாறும்போது யாரை வெளியே தள்ளுகிறார்? இரண்டு சர்வநாமத்தை வைத்துக்கொண்டு குடும்பம், அலுவலகம், அரசியல் மூன்றையும் தொட்டாயிற்று. மேல்தளத்தில் இதையே 'தன்மையும் பிறமையும்' என்று பெயர் வைத்து, ஆங்கிலத்தில், ஒரு செமஸ்டர் நடத்துவார்கள்.

மென்பொருள் ஆளாக இதில் ஒன்று சொல்ல வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பு இப்போது பிரமாதமாக வேலை செய்கிறது, நானே தினம் பயன்படுத்துகிறேன். 'வீ' என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் நாம் அல்லது நாங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பல நேரம் சரியாகவே தேர்ந்தெடுக்கும். ஆனால் இரண்டுமே இலக்கணப்படி சரி என்பதால் தவறு நடந்தால் எந்த டெஸ்டிலும் மாட்டாது. எதிரே யார் இருக்கிறார் என்பது வாக்கியத்துக்கு வெளியே இருக்கும் தகவல். கேட்க வேண்டும் என்ற சந்தேகமே ஒரு மொழியை உள்ளே இருந்து படித்தவருக்குத்தான் வரும். ஆப்களின் சிக்கலும் இதேதான். எதை எண்ணலாமோ அதைத்தான் அது வளர்க்கும். எத்தனை வார்த்தை, எத்தனை நாள் விடாமல் வந்தீர்கள், எத்தனை சதவீதம் சரி. வார்த்தைகளை நினைவில் நிறுத்த அது நல்ல சாதனம், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டைப்பிங் கிளாஸ் நல்ல விஷயம்தான், அதற்காக அதை இலக்கியத் துறை என்று யாரும் சொல்வதில்லை.

தமிழில் இன்னொரு கூடுதல் தலைவலி, எந்தத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது? 'வந்துகொண்டிருக்கிறேன்' படித்துவிட்டு மதுரையில் இறங்கும் மாணவருக்கு 'வந்துட்டிருக்கேன்' காதில் விழும்போது தான் படித்தது வேறு மொழியோ என்று தோன்றும். பென்சில்வேனியாவில் இருந்த ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கென்றே தனியாக ஓர் இலக்கண நூல் எழுதி 1999-இல் வெளியிட்டார். எதை முதலில் வைப்பது என்று முடிவு எடுக்கிற பாடப்புத்தக ஆசிரியர், தமிழ்ச் சமூகத்தில் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள படிநிலையைப் பற்றி ஒரு கருத்தை எடுத்தாக வேண்டியிருக்கிறது. கீழ்த்தளத்து வேலை என்று ஒதுக்க முடியாத முடிவு அது.

இங்கே நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 6 மில்லியன் டாலர் திரட்டினோம். உலகமெங்கும் தமிழர்கள் கொடுத்தார்கள், தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது, 2018-இல் இலக்கை எட்டியாயிற்று. பெருமைதான், நானும் பெருமைப்பட்டேன். ஆனால் கவனியுங்கள், 'இருக்கை' என்பது மேல்தளத்துச் சொல். ஒரு பேராசிரியர், ஆய்வு, சங்க இலக்கியம். முதல் வருஷத் தமிழ் வகுப்பை, 'அ'னா 'ஆ'வன்னாவிலிருந்து நடத்துகிற விரிவுரையாளரின் பணியிடத்துக்காக நாம் இப்படி வாட்ஸப்பில் செய்தி பரப்பி நன்கொடை திரட்டியிருக்கிறோமா?

பெர்க்லியின் ஜார்ஜ் ஹார்ட்டை நம் எல்லோருக்கும் தெரியும். தமிழ் செம்மொழி என்று 2000-இல் அவர் எழுதிய கடிதம் இன்றைக்கும் ஏதாவது ஒரு குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். 2015-இல் பத்மஸ்ரீ கொடுத்தோம், தகுதியானவர்தான். அதே பெர்க்லியில் அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்து, தொடக்க நிலைப் பாடநூல்களை எழுதியவர் அவருடைய மனைவி கௌசல்யா ஹார்ட். செம்மொழி பற்றி ஆர்வமாகப் பேசும் நண்பர்கள் நாலைந்து பேரிடம் இந்தப் பெயரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மேல்தளத்துக்கு மாலை, கீழ்த்தளத்தில் யார் என்றே தெரியாது. அமெரிக்கத் துறைகளைக் குறை சொல்லும் முன் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு மாதிரி. இங்கே அயல்மொழி என்றால் பெரும்பாலும் விசாவுக்கும் வேலைக்கும் வைத்திருக்கும் ஒரு சான்றிதழ். ஜெர்மனியில் எம்.எஸ். போகிறவன் மாக்ஸ் முல்லர் பவனில் லெவல் லெவலாகத் தாண்டுவான், ஜப்பான் புராஜெக்டுக்குப் போகிறவர் என்4 எழுதுவார். அதில் தப்பில்லை. பட்டப்படிப்பாக ஓர் அயல்மொழியை எடுப்பவர்கள் ரொம்பக் குறைவு, எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் பஞ்சாயத்துதான்.

எங்கள் வீட்டிலேயே இந்த வருஷம் அது நடந்தது. அக்கா பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு கொரியன் பி.ஏ. படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். மாமாவுக்கு (அவளுடைய அப்பாவுக்கு) கம்ப்யூட்டர் சயின்ஸ். என்னைத் தூதுக்கு இழுத்தாள். "மாமா, நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியா கம்பெனி நிறைய இருக்கு, டிரான்ஸ்லேட்டர் வேலை கிடைக்கும்னு சொல்லுங்க." இரண்டு வருஷமாகச் சப்டைட்டில் போட்டுச் சீரியல் பார்த்து, சப்டைட்டிலில் ஏதோ விட்டுப்போகிறது என்று தானாகவே கண்டுபிடித்தவள் அவள். ஒருநாள் என்னிடம் விளக்கினாள்: கொரிய மொழியில் வினைச்சொல்லை முடிக்கும் விதத்திலேயே எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு மரியாதை என்று தெரிந்துவிடுமாம், நாயகனும் நாயகியும் மரியாதைப் பேச்சிலிருந்து சாதாரணப் பேச்சுக்கு மாறும் இடம்தான் கதையின் திருப்பமாம், ஆங்கிலச் சப்டைட்டிலில் இரண்டுமே ஒரே மாதிரி வருமாம். நம்ம 'வாங்க, வா' மாதிரி என்றேன். "அதேதான் மாமா, ஆனா அதைவிட நிறைய படி இருக்கு" என்றாள். இந்தப் பெண்ணே அப்பாவிடம் பேசும்போது பைப், கருவி, வேலை என்ற மொழிக்கு மாறிவிட்டாள். 2007 அறிக்கையின் இரண்டு படகு எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றது.

மாமாவிடம் ஸ்ரீபெரும்புதூரையும் சொன்னேன், சொல்லாமல் எடுபடாது. மொழிபெயர்ப்பாளர் வேலையில் எத்தனை இயந்திரத்துக்குப் போகும் என்று அவர் திருப்பிக் கேட்டார், நியாயமான கேள்வி. தொழிற்சாலை மீட்டிங்கில் கொரிய அதிகாரியின் 'நாம்' யாரைச் சேர்க்கிறது என்று புரிந்துகொள்ளும் ஆளுக்குத் தேவை இருக்கும், வெறுமனே வார்த்தை மாற்றும் ஆளுக்கு இருக்காது என்றேன். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. எங்கே படிக்கிறாள் என்பதைப் பொறுத்து என்ற அளவுக்கு இறங்கி வந்தார்.

அதனால் நானும் அவளும் உட்கார்ந்து சில பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களையும் கால அட்டவணைகளையும் எடுத்துப் படித்தோம். தரவரிசை, கட்டடப் படம் எதையும் பார்க்கவில்லை. மூன்று விஷயம்தான். முதல் வருஷத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு. அதை எடுப்பவர் நிரந்தர ஆசிரியரா, வருஷா வருஷம் மாறும் கௌரவ விரிவுரையாளரா. மூன்றாம் வருஷத்துப் பண்பாடு, இலக்கியத் தாள்களில் கொடுத்திருக்கும் நூல்கள் எந்த மொழியில் இருக்கின்றன. ஒரு பல்கலைக்கழகத்தின் துறைப் பெயர் ரொம்பப் பிரமாதமாக இருந்தது, மொழிகள், பண்பாடுகள், உலகம் எல்லாம் அதில் இருந்தன. மூன்றாம் வருஷ நூல் பட்டியலைத் திறந்தோம். பன்னிரண்டு புத்தகம், பன்னிரண்டும் ஆங்கிலம்.

"இதை நான் வீட்லயே படிச்சுக்கலாமே மாமா" என்றாள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தோம்.